‘எத்தனையாவது ஸ்டேஜ்?’ வாய், தொண்டைப் புற்றுநோய்க்காகக் கொழும்புக்கு வருகிறவர்களுக்கு

ஹட்டனில் இருந்து சித்தப்பாவை நாக்குப் புண்ணோடு கூட்டிக்கொண்டு வந்தோம். அன்றிலிருந்து எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு வரும் அழைப்புகளில் பாதி இதைப் பற்றித்தான். வவுனியாவில் இருந்து ஒருவர், பதுளையில் இருந்து ஒருவர், யார் யாரிடமோ நம்பர் வாங்கிய இன்னொருவர். எல்லோருக்கும் ஒரே கேள்வி: "ஸ்டேஜ் மூன்றாம், தம்பி. ஆள் தப்புமா?" நான் திருப்பிக் கேட்பேன்: "அந்த மூன்றை யார் போட்டது, எதைப் பார்த்துப் போட்டது, எந்தத் திகதியில்?" மறுமுனை கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும்.

நான் டொக்டர் இல்லை. புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறவன். வாசலில் நின்று மூட்டைகளைப் பார்த்துச் சொல்கிற இருப்பு வேறு, களஞ்சியத்தைத் திறந்து எண்ணிச் சொல்கிற இருப்பு வேறு என்பது என் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஸ்டேஜும், அதாவது நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதும், அப்படி ஒரு இருப்புக் கணக்குத்தான். எண்ணுவது டொக்டர்மாரின் வேலை. எண்ணத் தேவையானதெல்லாம் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது வீட்டுக்காரரின் வேலை. நான் எழுதுவது இந்த இரண்டாவது வேலையைப் பற்றி மட்டும். என்ன சிகிச்சை என்பதை உங்கள் டொக்டரோடுதான் பேச வேண்டும், என்னோடு அல்ல.

முதலில் பெயர்

சிரிக்க வேண்டாம். ஸ்டேஜ் பிழைக்கிற முதல் இடம் பதிவுக் கவுண்டர்.

சித்தப்பாவின் பெயர் நீளம். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல். ஊர் ஆஸ்பத்திரியில் கேட்டபடி எழுதியது இன்னொன்று. கழுத்தில் ஊசி குத்திப் பார்த்த தனியார் லாபில் முதலெழுத்தை விட்டுவிட்டு அப்பா பெயரையே அவர் பெயராகப் போட்டிருந்தார்கள். அந்த ஊசி ரிப்போர்ட் இரண்டு கிழமை யாரோ ஒருவரின் ஃபைலுக்குள் கிடந்தது. கிளினிக் கொப்பியில் ‘முடிவு வரவில்லை’ என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. எங்கும் நடக்கும்.

ஆகவே அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரு துண்டில் பெரிதாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கவுண்டரிலும் வாயால் சொல்லாமல் துண்டைக் காட்டுங்கள். ரிப்போர்ட் கையில் வந்ததும் அங்கேயே நின்று மூன்றைப் பாருங்கள்: பெயர், வயது, பக்கம். பக்கம் என்றால் வலமா இடமா என்பது. நாக்கின் இடப்பக்கத்துப் புண்ணுக்கு இடப்பக்கக் கழுத்தில் நெறி கட்டினால் ஒரு கணக்கு, வலப்பக்கத்திலும் கட்டினால் வேறு கணக்கு. டைப் அடிக்கும்போது ஒரு சொல் மாறினால் ஸ்டேஜ் மாறிவிடும்.

கையில் கொண்டுவர வேண்டியவை

ஊர் ஆஸ்பத்திரியின் டயக்னோசிஸ் கார்ட், பயொப்சி (புண்ணில் கிள்ளி எடுத்த சதையின் சோதனை) ரிப்போர்ட், ஸ்கேன் எடுத்திருந்தால் ரிப்போர்ட்டோடு படங்கள் பதிந்த சீடியும். சீடி முக்கியம். ரிப்போர்ட் என்பது ஒருவர் பார்த்து எழுதிய கருத்து. சீடி இருந்தால் இங்குள்ள கதிர்ப்பட நிபுணர் தன் கண்ணால் இன்னொரு முறை அளந்து பார்க்கலாம்.

பயொப்சியின் சதைத்துண்டு மெழுகில் பதிக்கப்பட்டு லாபில் இருக்கும். அதைப் ‘புளொக்’ என்பார்கள். அதில் இருந்து சீவி எடுத்த கண்ணாடித் தகடுதான் ‘ஸ்லைட்’. மறுபரிசீலனைக்கு இரண்டும் தேவைப்படலாம். டொக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் லாபில் தருவார்கள். ஊருக்குத் திரும்பிப் போய் எடுத்துவர ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால் வரும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

மகரகமையில் உள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் புறக்கோட்டையில் 138 ஆம் இலக்க பஸ் ஏறினால் ஹைலெவல் வீதி வழியாக மகரகமைக்கே போய்விடலாம். விடியற்காலையிலேயே புறப்படுங்கள். நுகேகொடையைத் தாண்டும் முன் நெரிசலில் மாட்டினால் அன்றைய நம்பர் போய்விடும்.

மூன்று எழுத்து

வாய், தொண்டைப் புற்றுநோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று எழுத உலகம் முழுக்க ஒரே முறைதான். 1940களில் பிரான்சின் பியேர் டெனுவா என்ற சத்திரசிகிச்சை நிபுணர் தொடங்கிவைத்தது. டி (T) என்பது முதற்கட்டியின் அளவு. என் (N) என்பது கழுத்து நெறிகள், அதாவது நிணநீர்க் கணுக்கள். எம் (M) என்பது நுரையீரல், எலும்பு போன்ற தூரத்து உறுப்புகள். இம்மூன்றையும் சேர்த்து அட்டவணையில் பார்த்தால் ஸ்டேஜ் 1 முதல் 4 வரை வரும்.

அதனால் ‘ஸ்டேஜ் 3’ என்று மட்டும் கேட்டுக்கொண்டு வெளியே வராதீர்கள். "டொக்டர், டி என் எம்மைக் கொப்பியில் எழுதித் தாங்க" என்று கேளுங்கள். டி3 என்0 கூட ஸ்டேஜ் 3, டி1 என்1 கூட ஸ்டேஜ் 3. ஒருவருக்கு நாக்கில் பெரிய கட்டி, கழுத்தில் ஒன்றுமில்லை. மற்றவருக்குச் சின்னப் புண், கழுத்தில் ஒரு நெறி. இரண்டும் ஒரே நோய் போலவா? இன்னொரு வசதியும் இருக்கிறது. அந்த எழுத்துகளுக்குச் சிங்களமும் இல்லை, தமிழும் இல்லை. மொழி தெரியாமல் கிளினிக்கில் முழிக்கிற எங்கள் ஆட்களுக்கு அது பெரிய உதவி.

எழுத்துக்கு முன்னால் இன்னொரு சின்ன எழுத்து நிற்கும். ‘சி’ (c) என்றால் கண்ணால் பார்த்து, கையால் தடவி, ஸ்கேனில் பார்த்துப் போட்டது. ‘பி’ (p) என்றால் ஒபரேஷனில் வெட்டி எடுத்ததை நுண்நோக்கியில் பார்த்துப் போட்டது. ‘வை’ (y) இருந்தால் மருந்தோ கதிர்ச் சிகிச்சையோ கொடுத்த பின் பார்த்தது. ‘ஆர்’ (r) இருந்தால் நோய் திரும்ப வந்தபோது பார்த்தது. தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல்: என்2பி என்று வாலில் தொங்கும் ‘பி’ (b) வேறு, முன்னால் நிற்கும் ‘பி’ (p) வேறு. தொலைபேசியில் உறவினருக்கு வாசித்துக் காட்டும்போது நானே ஒருமுறை குழம்பியிருக்கிறேன். கொப்பியைப் படம் எடுத்து அனுப்புவதே நல்லது.

ஆழம்

வாய்ப் புற்றுக்கு இப்போது பயன்படுவது அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழு வெளியிட்ட ஸ்டேஜ் அட்டவணையின் எட்டாம் பதிப்பு. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் புண்ணின் அகலத்தைப் பார்த்து டி போட்டார்கள். இப்போது ஆழமும் கணக்கில் வருகிறது. 2 சென்ரிமீற்றருக்குள், 5 மில்லிமீற்றர் ஆழத்துக்குள் இருந்தால் டி1. ஐந்தைத் தாண்டினால் சின்னப் புண்கூட டி2. 2 முதல் 4 சென்ரிமீற்றர் வரையான கட்டி 10 மில்லிமீற்றர் ஆழத்தைத் தாண்டினால் டி3. தாடை எலும்பின் வெளித்தகட்டைத் துளைத்துப் போனால், அல்லது கன்னத்துத் தோல் வரை வந்துவிட்டால் டி4.

மில்லிமீற்றர் கணக்கு என்பதால் பிழையும் எளிதில் வரும். ஆழம் வேறு, தடிப்பு வேறு. காளான் மாதிரி மேலே எழும்பிய கட்டிக்குத் தடிப்பு அதிகம், ஆழம் குறைவு. குழி விழுந்த புண்ணுக்குத் தடிப்பு குறைவு, ஆழம் அதிகம். பக்கத்தில் இருக்கும் நல்ல சவ்வின் மட்டத்தில் கோடு பிடித்து அங்கிருந்து கீழே அளப்பதுதான் ஆழம். ரிப்போர்ட்டில் தடிப்பு மட்டும் இருந்தால் "ஆழம் எவ்வளவு டொக்டர்?" என்று கேட்பதில் குற்றமில்லை. முதல் பயொப்சியில் கிள்ளி எடுத்த துண்டு மேலோட்டமாக இருந்தால் முழு ஆழம் அதில் தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம். முழு ஆழத்தை உறுதியாகச் சொல்வது ஒபரேஷனுக்குப் பின் வருகிற ரிப்போர்ட்தான்.

ஸ்கேன் எடுக்கும் நாள்

இதில்தான் வீட்டுக்காரர் அதிகம் உதவலாம்.

நாக்கு, வாயின் தரை போன்ற மென்மையான சதைக்கு எம்ஆர்ஐ நன்றாகக் காட்டும். தாடை எலும்பின் வெளித்தகடு அரித்திருக்கிறதா என்று பார்க்கவும், நெஞ்சைப் பார்க்கவும் சிடி ஸ்கேன். கழுத்து நெறிக்கு அல்ட்ராசவுண்ட், சந்தேகமானதில் ஊசி. எது உங்களுக்கு வேண்டும் என்பது டொக்டர் முடிவு. ஆனால் எந்த நாளில், எந்த நிலையில் எடுக்கிறீர்கள் என்பது படத்தை மாற்றும்.

பயொப்சிக்குப் பின் சதை வீங்கும். அந்த வீக்கத்தோடு எம்ஆர்ஐ எடுத்தால் புண் உள்ளதைவிட ஆழமாகத் தெரியலாம். முடிந்தால் ஸ்கேன் முதலில், பயொப்சி பின்னால். எங்கள் ஊர்களில் பயொப்சி எடுத்த பிறகுதான் கொழும்புக்கே வருவோம் என்பதால் இது பலருக்கு நடக்காத காரியம். அப்படியானால் பயொப்சி எடுத்த திகதியை ஸ்கேன் எடுக்கும் இடத்தில் சொல்லுங்கள். பார்த்து எழுதுகிறவர் அதை மனதில் வைத்து எழுதுவார்.

பல்லில் உலோகம் அடைத்திருந்தால், உலோகக் கவசம் போட்டிருந்தால் படத்தில் கோடும் நிழலுமாக வரும். முன்பே சொல்லுங்கள். கழற்றக்கூடிய செற்றுப் பல்லைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எம்ஆர்ஐ குழாய்க்குள் படுத்திருக்கும்போது எச்சில் விழுங்குவது, இருமுவது, நாக்கை அசைப்பது எல்லாம் படத்தைக் கலைக்கும். சித்தப்பாவுக்கு வாயில் வெத்திலை இல்லாமல் அரை மணி நேரம் இருப்பதே தண்டனை. உள்ளே போகுமுன் நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு, சத்தம் நிற்கும் இடைவெளியில் மட்டும் விழுங்கச் சொல்லி வைத்தோம். முதல்முறை கலங்கிய படம் இரண்டாம்முறை தெளிவாக வந்தது.

ஸ்கேனுக்குச் சாயமருந்து ஏற்றுவதற்கு முன் கிரியேட்டினின் சோதனை, அதாவது சிறுநீரகத்துக்கான இரத்தச் சோதனை, கேட்பார்கள். சீனி வியாதிக்கு மெட்ஃபோர்மின் போடுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை முதலே சொல்ல வேண்டும். மறைத்துவிட்டு அன்றைக்கு அங்கே போய்ச் சொன்னால் திருப்பி அனுப்புவார்கள்.

நோய் உள்ள இடம் எரிவதுபோல் பளிச்சென்று தெரிகிற பெட் ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை. எடுக்கச் சொன்னால் ஆறு மணி நேரமாவது பட்டினி, இரத்தத்தில் சீனி கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அதில் பளிச்சென்று எரிவதெல்லாம் புற்று இல்லை. காசம், கிருமித் தொற்று, பல்லடியில் சீழ், அண்மையில் நடந்த பயொப்சிக் காயம், எல்லாமே எரியும். மிகச் சின்ன நெறியில் ஒளிந்திருக்கும் புற்று எரியாமலும் போகலாம். ஆகவே பெட் ஸ்கேனில் நெஞ்சில் ஒரு பொட்டு எரிந்தது என்று கேட்டவுடன் வீட்டில் ஒப்பாரி வைக்க வேண்டாம். ஊசி குத்திப் பார்த்து உறுதி செய்வார்களா என்று கேளுங்கள். பழைய காசம் இருந்ததா என்று டொக்டர் கேட்டால் வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அதை மறைத்ததால் தேவையில்லாத ஒரு சோதனையும் இரண்டு கிழமை நித்திரையும் போனது.

வெத்திலையைப் பற்றியும் உண்மை சொல்ல வேண்டும். இலங்கையில் ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்று வாய்ப்புற்றுத்தான். புகையிலை சேர்க்காத பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட நூலில் சொல்லியிருக்கிறது. எத்தனை வருடம், எந்தக் கன்னத்தில் ஒதுக்குவது, சுருட்டு, சாராயம் எல்லாம் சொன்னால்தான் இன்னொரு இடத்திலும் கட்டி இருக்கிறதா என்று வாய் முழுவதும், தொண்டை, உணவுக்குழாய் வரை தேடுவார்கள். இரண்டாவது கட்டி கண்ணில் படாமல் போனால் முதலாவதற்குப் போட்ட ஸ்டேஜ் எவ்வளவு சரியாக இருந்தும் பிரயோசனமில்லை.

தொண்டை என்றால் ஒரு சோதனை கூட

நாக்கின் அடிப்பகுதி, டொன்சில் ஆகிய இடங்களில் வரும் புற்றுக்கு பி16 என்ற சாயச் சோதனை செய்ய வேண்டும். ஹெச்பிவி வைரசால் வந்ததா என்று அது காட்டும். வந்திருந்தால் வேறு அட்டவணை. டி2 கட்டியோடு ஒரே பக்கத்தில் 6 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட நெறிகள் பல இருந்தாலும் எட்டாம் பதிப்பின் அந்த அட்டவணையில் ஸ்டேஜ் 1. அதே ஆளை மற்ற அட்டவணையில் வைத்தால் 4ஏ. ஒன்றா நான்கா என்பது ஒரு சாயச் சோதனையில் தங்கியிருக்கிறது! ஆனால் இது தொண்டைக்கு மட்டும். கன்னம், முன்நாக்கு, ஈறு ஆகியவற்றில் வந்த புற்றுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. இணையத்தில் படித்துவிட்டு அங்கே கொண்டுபோய்ப் பொருத்தாதீர்கள்.

நாலு என்றால் முடிந்தது என்று யார் சொன்னது?

மார்பிலோ குடலிலோ ஸ்டேஜ் 4 என்றால் பொதுவாகத் தூரத்துக்குப் பரவிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பயத்தோடுதான் எங்கள் ஆட்கள் இங்கே வருகிறார்கள். வாய்ப் புற்றிலும், ஹெச்பிவியால் வராத தொண்டைப் புற்றிலும் அப்படி இல்லை. 4ஏ, 4பி, 4சி என்று மூன்று உண்டு. நுரையீரலுக்கோ வேறு உறுப்புக்கோ போனால்தான் 4சி. 4ஏ என்பது பெரும்பாலும் கழுத்தில் பல நெறிகள், அல்லது எலும்பைத் துளைத்த கட்டி. குணப்படுத்தும் நோக்கத்தோடு ஒபரேஷன், கதிர்ச் சிகிச்சை செய்கிற கட்டம் அது. கொப்பியில் ‘4’ மட்டும் இருந்தால் பக்கத்தில் இருக்கும் எழுத்தைக் கேட்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். அந்த ஓர் எழுத்தைக் கேட்காததால் நாட்டு வைத்தியரிடம் போய் மூன்று மாதம் இழந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

ஒபரேஷனுக்குப் பின் ஸ்டேஜ் ‘ஏறிவிட்டது’

சித்தப்பாவுக்கு முதலில் போட்டது சி டி2 என்0, ஸ்டேஜ் 2. எம்ஆர்ஐயில் புண் 27 மில்லிமீற்றர், ஆழம் 8. கழுத்தில் ஒன்றும் தட்டுப்படவில்லை. தாமதமாகக் கிடைத்த ஊசி ரிப்போர்ட்டும் சுத்தம் என்றது. நாக்கின் ஒரு பகுதியையும் அந்தப் பக்கக் கழுத்து நெறிகளையும் எடுத்தார்கள். இரண்டு கிழமையில் ரிப்போர்ட் வந்தது: புண் 24 மில்லிமீற்றர், ஆழம் 6, நெறிகள் 34இல் 2இல் நோய், பெரியது 9 மில்லிமீற்றர், உறை கிழியவில்லை. பி டி2 என்2பி. ஸ்டேஜ் 4ஏ.

வார்ட் வராந்தாவில் சித்தி கத்தினார்: "ரெண்டுன்னு சொல்லி வெட்டிட்டு இப்ப நாலுங்குறாங்களே!" சித்தப்பாவின் மூத்த மகன் டொக்டரோடு சண்டைக்குப் போகிறேன் என்று நின்றான். அவனைக் கடைத் தேநீருக்குக் கூட்டிப்போய் ரிப்போர்ட்டை விரித்து வைத்து விளங்கப்படுத்த ஒரு மணி நேரம் ஆனது.

நோய் இரண்டில் இருந்து நாலுக்குத் தாவவில்லை. அந்த 9 மில்லிமீற்றர் நெறி ஒபரேஷனுக்கு முன்பும் அங்கேதான் இருந்தது. கைக்கும் அகப்படவில்லை, ஊசி போன இடமும் அது இல்லை. கழுத்தில் ஒன்றுமில்லை என்று போட்ட வாய்ப்புற்றுக்காரரில் நாலைந்து பேருக்கு ஒருவரிடம் இப்படி ஒளிந்திருக்கும். அதனால்தான் கழுத்தையும் சேர்த்து வெட்டுகிறார்கள். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2015 இல் வெளியானது: ஆரம்பநிலை வாய்ப்புற்றில் கழுத்து நெறிகளை முதல் ஒபரேஷனிலேயே எடுத்தவர்களில் மூன்று வருடத்தில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். நெறி வெளியே தெரியும்வரை காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம்.

புண் 27 இல் இருந்து 24 ஆகச் சுருங்கியதும் மந்திரம் இல்லை. வெட்டி எடுத்த சதை சுருங்கும், லாபில் போமலின் திரவத்தில் ஊறும்போது இன்னும் சுருங்கும். எம்ஆர்ஐ ஆழத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டுவதும் வழக்கம்.

அந்த ரிப்போர்ட்டில் நீங்கள் தேட வேண்டியவை: எத்தனை நெறிகளைப் பார்த்தார்கள் (பகுதிக் கழுத்து ஒபரேஷனில் பத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், நாலைந்துதான் பார்த்தார்கள் என்றால் ‘ஒன்றுமில்லை’ என்பதற்குப் பலம் குறைவு), நெறியின் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறதா, வெட்டிய ஓரம் எத்தனை மில்லிமீற்றர் சுத்தம். ஓரம் ஸ்டேஜில் சேராது. ஆனால் ஓரத்தில் நோய் இருந்தாலோ உறை கிழிந்திருந்தாலோ கதிரோடு மருந்தும் சேர்ப்பதைப் பற்றிப் பேசுவார்கள்.

கூட்டத்துக்கு முன்னால்

சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை, கதிர்ப்படம், நோயியல் நிபுணர்கள் ஒன்றாக இருந்து பேசுகிற கூட்டத்தை எம்டிடி என்பார்கள். உங்கள் ஆளின் பெயர் எந்தத் திகதிக் கூட்டத்தில் வருகிறது என்று நர்ஸ் மிஸ்ஸிடம் கேட்டு வையுங்கள். கூட்டத்துக்கு முதல் நாளே ஃபைலைத் திறந்து பாருங்கள்: எம்ஆர்ஐ, சிடி, ஊசி, பயொப்சி, நான்கும் இருக்கின்றனவா? ஒன்று இல்லாவிட்டால் அந்தக் கிழமை ஒத்திப்போடுவார்கள், அல்லது இருப்பதை வைத்து முடிவெடுப்பார்கள். இரண்டு பிரிவில் எது என்று சந்தேகம் வந்தால் குறைந்த பிரிவில் போடுவதே விதி என்பதால் காணாமல் போன ஒரு ரிப்போர்ட் ஸ்டேஜைக் குறைத்துக்காட்டவும் கூடும்.

ஸ்கேன் பழசாகிவிட்டதா என்றும் பாருங்கள். வரிசையில் காத்திருந்து ஒன்றரை இரண்டு மாதம் ஓடிவிட்டால் புண் அதே அளவில் இருக்காது. "இது இன்ன திகதியில் எடுத்தது டொக்டர், திரும்ப எடுக்க வேண்டுமா?" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேட்காமல் விட்டதற்காகப் பின்னால் வருந்தியவர்கள்தான் அதிகம்.

பிறகு

கதிர்ச் சிகிச்சை தேவையென்றால் ஒபரேஷனில் இருந்து ஆறு கிழமைக்குள் தொடங்கப் பார்ப்பார்கள். அதற்கு முன் பல் டொக்டரிடம் காட்டி, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிக் காயம் ஆறவிட வேண்டும். அந்த ஆறு கிழமை இதிலேயே ஓடிவிடும் என்பதால் ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல் பல்லுக்கு நாள் வாங்குங்கள்.

ஒபரேஷன் இல்லாமல் மருந்தும் கதிரும் மட்டும் வாங்கியவர்களுக்குப் பெட் ஸ்கேன் எடுப்பதென்றால் முடிந்து சுமார் பன்னிரண்டு கிழமைக்குப் பின். அவசரப்பட்டு முன்னாலேயே எடுத்தால் கதிர் வெந்த புண்ணும் எரியும், எது நோய் எது காயம் என்று பிரிக்க முடியாது.

நோய் திரும்ப வந்தாலும் முதல் ஸ்டேஜை அழித்து எழுத மாட்டார்கள். அது அப்படியே இருக்கும், பக்கத்தில் ‘ஆர்’ போட்டுப் புதிதாக எழுதுவார்கள். சித்தப்பாவின் கொப்பி அட்டையின் உள்பக்கத்தில் நான் பேனாவால் எழுதி வைத்திருப்பது இரண்டு வரி: சி டி2 என்0, திகதி, பி டி2 என்2பி, திகதி. கிளினிக்கில் யார் கேட்டாலும் சித்தி இப்போது அட்டையைத் திறந்து காட்டுகிறார். மூன்றாவது வரிக்கு இடம் விடவில்லை.